எழுநூறு பேருக்குப் போதும்

ஆறு கடிதங்களுக்கும் ஒரே பதில்தான் வந்திருந்தது: "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது."

ஏழாவது முறை மங்கையர்க்கரசி கடிதம் எழுதவில்லை. பேருந்து பிடித்து மண்டல அலுவலர் தண்டபாணியின் அறைக்கே போய்விட்டாள். பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பெரும்புழுக்கம் வர இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

பெரும்புழுக்கம் என்ற சொல்லே பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு யாருக்கும் தெரியாது. இப்போது கருங்கழிக் கடற்கரையில் குழந்தைகளுக்கும் தெரியும். சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு நாள் கடற்காற்று நின்றுவிடும். காற்றில் ஈரம் ஏறி ஏறி, உடம்பில் வழிகிற வியர்வை காயவே காயாது. நிழலில், மின்விசிறிக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடமான ஆள்கூட ஆறேழு மணி நேரத்தில் சுருண்டு விழுந்து செத்துப் போவான். அதற்காகத்தான் புகலிட வாரியம் ஊருக்கு ஊர் நிலத்தடிக் கூடங்களைக் கட்டியது. சங்கு ஊதியதும் மக்கள் கையில் பெயர் பதிந்த அனுமதிப் பட்டையோடு உள்ளே போவார்கள். கதவு அடைபடும். மூன்று நாள் கழித்துத் திறக்கும். கருங்கழிப் புகலிடம் ஆயிரத்து இருநூறு பேருக்கானது. மங்கையர்க்கரசி அதன் வேதியியலாளர்.

"உட்காருங்க மங்கை. மறுபடியும் சுண்ணாம்பா?" என்றார் தண்டபாணி. இந்த வாரியத்துக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. மேசையில் பதினாறு புகலிடங்களின் கோப்புகள் இருந்தன.

"மறுபடியும் சுண்ணாம்புதான் சார்."

"எனக்கு அடிப்படையே இன்னும் புரியல. காத்தை வெளியிலேருந்தே எடுத்தா என்ன? எதுக்கு உள்ள அடைக்கணும்?"

"வெளிக்காத்தை உள்ள விட்டா அதைக் குளிர வைக்கணும் சார். அந்த மூணு நாள்ல எப்ப வேணாலும் ஊர்ல மின்சாரம் போயிடும். நம்ம பேட்டரி, உள்ள இருக்கிற காத்தைச் சுத்தவிட்டுக் குளிரா வச்சுக்க மட்டும்தான் தாங்கும். அடைச்ச இடத்துல ஆயிரத்து இருநூறு பேர் மூச்சு விட்டா கரியமில வாயு சேர்ந்துக்கிட்டே போகும். அதை உறிஞ்சத்தான் நீர்த்த சுண்ணாம்பு."

"சரி. அதான் வந்திருக்கே. மூவாயிரத்து அறுநூறு கிலோ."

"ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு விடுறான். ஆயிரத்து இருநூறு பேர், மூணு நாள். வாயுவே மூவாயிரத்து அறுநூறு கிலோ சார்."

"அப்ப சரியாத்தானே இருக்கு?"

"அதான் சார் தப்பு."

தண்டபாணி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். கொள்முதல் தளம் திறந்திருந்தது. "பாருங்க. சுண்ணாம்பும் வாயுவும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சிஸ்டம் போட்டிருக்கு. உங்க கடிதத்துலயும் ஒண்ணுக்கு ஒண்ணுன்னுதான் இருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டதை நீங்களே தப்புங்கறீங்க."

அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆறு கடிதத்திலும் இதைத்தான் எழுதியிருந்தாள்.

"சார், ஒரு கல்யாணத்துக்கு ஒரு மாப்பிள்ளை, ஒரு பொண்ணு. ஒண்ணுக்கு ஒண்ணு. அதுக்காக மாப்பிள்ளை எடையும் பொண்ணு எடையும் ஒண்ணுன்னு சொல்வீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க வீட்ல சொல்ல முடியாது."

"மோல்ங்கிறது எண்ணிக்கை சார். தலையை எண்ற மாதிரி. ஒரு மோல் சுண்ணாம்பு ஒரு மோல் வாயுவைப் பிடிக்கும். ஆனா ஒரு மோல் சுண்ணாம்போட எடை எழுபத்து நாலு கிராம். ஒரு மோல் வாயு நாப்பத்து நாலு கிராம்தான். அப்படின்னா நாப்பத்து நாலு கிலோ வாயுவுக்கு எழுபத்து நாலு கிலோ சுண்ணாம்பு வேணும். சிஸ்டம் கிலோவுக்குக் கிலோ போட்டுடுச்சு. நமக்கு வேண்டியது ஆறாயிரத்து ஐம்பத்தஞ்சு கிலோ. கையில இருக்கிறது மூவாயிரத்து அறுநூறு. நாப்பத்து மூணாவது மணியில தூள் தீர்ந்துடும். பத்தாம் வகுப்புக் கணக்கு சார் இது."

தண்டபாணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான் நம்பறேன்மா. நான் நம்பி என்ன பண்றது? சிஸ்டத்துல என்னால கை வைக்க முடியாது. அது நீங்க எழுதற கடிதத்தை ஒரு வரியாச் சுருக்கித்தான் மேல அனுப்புது. மோல் கீல்னு எழுதினா அதுக்கு என்ன சுருக்கறதுன்னே தெரியல. அந்த ஒரு வரியை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. இருக்கிறது எத்தனை பேருக்குப் போதும்? அதை மட்டும் எழுதுங்க. கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம்."

நியாயமாகத்தான் பட்டது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மூவாயிரத்து அறுநூறு கிலோ சுண்ணாம்பு இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ வாயுவைப் பிடிக்கும். மூன்று நாளுக்கு வகுத்தால் எழுநூற்றுப் பதின்மூன்று பேர். சிந்துவது சிதறுவது கழித்து எழுநூறு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்:

"இருப்பில் உள்ள சுண்ணாம்பு எழுநூறு பேருக்குத்தான் போதும்."

நான்காவது நாள் பதில் வந்தது. இந்த முறை வேறு வாசகம். "தங்கள் சான்று ஏற்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது." மங்கையர்க்கரசி அதை மூன்று முறை படித்தாள். பிறகு இயந்திர அறைக்கு ஓடினாள். அங்கே ஃபிட்டர் லூர்துராஜ் விசிறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, உப்பளத் தெருக்காரர்.

"லூர்து அண்ணே, கிடங்குல இடம் ஒதுக்குங்க. இன்னும் ரெண்டரை டன் சுண்ணாம்பு வருது."

"கேட்டுட்டாங்களா மேடம்?"

"ஏழாவது கடிதத்துல கேட்டுட்டாங்க."

லூர்துராஜ் ஒரு நாள் முழுக்கப் பழைய பீப்பாய்களை வெளியேற்றி இடம் செய்தார். லாரி வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் தொலைபேசியில் கேட்டாள். "நடவடிக்கை முடிந்தது, மனு மூடப்பட்டது" என்று ஒரு பெண் குரல் சொன்னது. என்ன நடவடிக்கை என்று கேட்டாள். மூடப்பட்ட மனுவின் விவரத்தைப் பார்க்கத் தங்களுக்கு அனுமதி இல்லை என்றது அதே குரல். மனிதக் குரலா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. தண்டபாணியை அழைத்தாள். "ஆக்‌ஷன் எடுத்தாச்சுன்னு என் திரையிலும் பச்சையாத்தான் காட்டுது. நிம்மதியா இருங்க" என்றார்.

அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. கருங்கழியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் கிளிஞ்சல் சூளை ஒன்று இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற அதே சுண்ணாம்புதான் அவளுக்கும் வேண்டியது. சூளைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் மறு பேச்சுப் பேசவில்லை. "உசுரு காரியம்மா, எடுத்துட்டுப் போங்க" என்று இரண்டரை டன்னை ஒரே லாரியில் ஏற்றிவிட்டார். புகலிட வாசலில் தானியங்கிக் கதவு மூட்டைகளில் வாரியத்தின் குறியீடு இல்லை என்று திறக்க மறுத்தது. அவள் தன் பட்டையைக் காட்டினாள். லூர்துராஜ் தன் பட்டையைக் காட்டினார். "அனுமதிக்கப்படாத வேதிப்பொருள்" என்று கதவு திரும்பத் திரும்பச் சொன்னது. நண்பகல் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு லாரி வந்த வழியே திரும்பியது. மங்கையர்க்கரசி அந்தக் கதவைக் காலால் ஓங்கி உதைத்தாள். கட்டைவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

சித்திரை ஒன்பதாம் நாள் காலையில் சங்கு ஊதியது.

அவளும் லூர்துராஜும் இயந்திர அறைக்குள் இறங்கினார்கள். கூடத்துக்கு அடியில் இருந்த அந்த அறைக்குத் தனி வழி. சோறும் தண்ணீரும் சின்ன லிஃப்டில் வரும். மூன்று நாளும் மேலே ஏற முடியாது, ஏற நேரமும் இருக்காது. தொண்ணூறு இரும்புத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் நாற்பது கிலோ சுண்ணாம்பு. கூடத்துக் காற்று அதன் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். காற்று வெளியேறும் இடத்தில் வாயுவின் அளவைக் காட்டும் ஒரு முள். அது சிவப்புக் கோட்டைத் தொட்டால் அந்தத் தட்டு தீர்ந்தது என்று பொருள். கப்பியில் மாட்டி இழுத்து அடுத்ததைச் செருக வேண்டும்.

"ஆயிரத்து இருநூறு பேர்னா அரை மணிக்கு ஒரு தட்டு போகும்" என்றாள் அவள். "நாப்பத்து மூணாவது மணியில கடைசித் தட்டும் முடிஞ்சுடும்."

"அதுக்கப்புறம்?"

"அந்தச் சக்கரத்தைத் திருப்பி வெளிக்காத்தை உள்ள விடணும். வெப்பமும் கூட வரும். மிச்ச ஒரு நாளைக்கு எத்தனை பேர் தாங்குவாங்கன்னு எனக்குத் தெரியலண்ணே."

லூர்துராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி செசிலியும் அக்கா ஆரோக்கியமேரியும் மேலே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சுவரில் இருந்த திரை "1200" என்று காட்டியது. கதவு அடைபட்டது. மேலிருந்து காற்றுக் குழாய் வழியாகப் பேச்சுச் சத்தமும் குழந்தைகளின் அழுகையும் கேட்டன.

முதல் தட்டு அரை மணியில் தீரவில்லை. முக்கால் மணியிலும் தீரவில்லை. ஐம்பதாவது நிமிடத்தில்தான் முள் சிவப்பைத் தொட்டது. முள்ளில் கோளாறோ என்று அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது தட்டும் ஐம்பது நிமிடம். மூன்றாவதும் அப்படியே.

"மேடம், நல்லதுதானே?"

"நல்லதுதான்."

ஆனால் அவளுக்குத் தன் கணக்கின்மேலேயே சந்தேகம் வந்தது. படுத்துக் கிடக்கும் ஆள் ஒரு நாளைக்கு ஒரு கிலோ விட மாட்டானோ? தான் அதிகமாகப் போட்டுவிட்டோமோ? ஏழு கடிதம் எழுதி, லாரி கொண்டுவந்து, கதவை உதைத்து, அத்தனையும் வீண் கூச்சலோ? நாற்பத்து மூன்றாவது மணி வந்தது, போனது. இன்னும் முப்பத்தெட்டுத் தட்டுகள் தொடப்படாமல் இருந்தன. லூர்துராஜ் ஒவ்வொரு தட்டையும் மாற்றும்போது நேரத்தைச் சொல்லிச் சிரித்தார். "நம்ம சனங்க மூச்சை மிச்சம் புடிக்குதுங்க மேடம்!" அவளும் சிரித்தாள். பயம் விலகியது. அந்த இடத்தில் வெட்கமும் எரிச்சலும் வந்து உட்கார்ந்தன.

கதவு திறந்தபோது இரண்டு தட்டுகள் மிச்சம் இருந்தன.

லூர்துராஜ் படி ஏறி ஓடினார். சற்று நேரத்தில் தண்டபாணி இறங்கி வந்தார். அவருடன் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர்.

"என்ன மங்கை, நாப்பத்து மூணு மணின்னீங்க? எழுபத்திரண்டு ஓடியிருக்கு. மிச்சம் வேற." அவர் குரலில் கேலி குறைவு, ஆறுதல்தான் அதிகம். "பரவாயில்ல. பயந்தவங்க கணக்கு எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்."

வந்தவர்களில் ஒருவன் மிச்சமிருந்த தட்டுகளைப் படம் பிடித்துக்கொண்டான்.

மறுநாளும் அவளால் அதை விட முடியவில்லை. தன் கணக்கு எங்கே பிசகியது என்று தெரிந்தாக வேண்டும். தீர்ந்துபோன தட்டு ஒன்றை வெயிலில் வைத்து ஈரம் போகக் காயவைத்தாள். தராசில் ஏற்றினாள். நாற்பது கிலோ சுண்ணாம்பு வாயுவைக் குடித்துச் சுண்ணாம்புக்கல்லாக மாறி ஐம்பத்து நாலு கிலோ ஆகியிருந்தது. எழுபத்து நாலு, நூறாக மாற வேண்டும் என்பதுதான் கணக்கு. இம்மி பிசகவில்லை. தூள் முழுதாக வேலை செய்திருக்கிறது. எண்பத்தெட்டுத் தட்டும் சேர்ந்து பிடித்த வாயு இரண்டாயிரத்துத் தொண்ணூற்று மூன்று கிலோ.

அதை ஆயிரத்து இருநூறு பேருக்கு வகுத்தாள். ஆளுக்கு நாளொன்றுக்கு அறுநூறு கிராம்கூட வரவில்லை. மூன்று நாளும் ஒருவர்கூடக் கண் விழிக்காமல் தூங்கியிருந்தால்தான் அப்படி ஒரு எண் வரும். மேலே மூன்று நாளும் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை நடந்ததைக் குழாய் வழியாக அவளே கேட்டிருந்தாள்.

பிறகு திருப்பிப் போட்டாள். ஆளுக்கு ஒரு கிலோ என்றால் எத்தனை ஆள்? அறுநூற்றுத் தொண்ணூற்று எட்டு.

தாளைக் கையில் பிடித்தபடியே கூடத்துக்கு ஏறினாள். துப்புரவுப் பணியாளர் ஒருத்தி பாய்களை உதறிக்கொண்டிருந்தாள். கூடத்தின் கிழக்குப் பக்கம் முழுவதும் பாய்கள் நெகிழி உறை பிரிக்காமல், கட்டுக் கட்டாக அப்படியே இருந்தன.

"அந்தப் பக்கம் யாரும் படுக்கலியா?"

"இல்லம்மா. காலியாத்தான் கெடந்துச்சு. ஆளுங்க பை, செருப்பெல்லாம் அங்கதான் வச்சிருந்தாங்க."

"யாரும் கேக்கலியா? மிச்சப் பேர் எங்கன்னு?"

அந்தப் பெண் அடுத்த பாயை எடுத்து உதறினாள். "வேற எடத்துக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சோம்" என்றாள்.

முந்தின நாள் படி ஏறி ஓடிய லூர்துராஜ் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை; அவருடைய உப்பளத் தெரு புகலிடத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். மங்கையர்க்கரசி போய்ச் சேர்ந்தபோது தெருவில் பந்தல்கள் இருந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். லூர்துராஜ் வீட்டு வாசலிலும் ஒரு பந்தல். அவர் அவளைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. செசிலிதான் பேசினாள். அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது.

"சங்கு ஊதினதும் கெளம்பிட்டோம். கெழவன் கெழவியெல்லாம் நடந்து வரணும்ல, நேரமாயிடுச்சு. கதவுகிட்ட போனா, எடம் நெறஞ்சிடுச்சுன்னு சொல்லுது. எங்க கையில பட்டை இருக்கு, பேரு இருக்கு. காட்டுறோம், மறுபடியும் அதையேதான் சொல்லுது. தட்டுனோம், கத்துனோம். யாரும் வரல. வெயில் ஏறிக்கிட்டே போவுது."

"எத்தனை பேர்?"

"எங்க தெரு பூரா. அப்புறம் கழிக்கரைக் குப்பத்துச் சனம். ஐந்நூறு இருக்கும். திரும்பி ஓடியாந்து உப்பளத்து போர்வெல் தண்ணித் தொட்டியில எறங்கிட்டோம். கழுத்து மட்டும் தண்ணியில. பூமிக்கடித் தண்ணி, கொஞ்சம் சில்லுன்னு இருந்துச்சு. மாத்தி மாத்தி எறங்கினோம். ரெண்டாம் நாளு கரன்ட் போயி மோட்டார் நின்னுடுச்சு. தண்ணி சுட ஆரம்பிச்சிடுச்சு." அவள் நிறுத்தினாள். "எங்க நாத்தனா என் தோள்மேலதான் சாஞ்சிருந்தாங்க. தூங்குறாங்கன்னுதான் நெனச்சேன்."

முப்பத்தொரு பேர். அந்த எண்ணை அங்கேதான் கேட்டாள்.

லூர்துராஜ் முதல்முறையாக வாய் திறந்தார். "ஒவ்வொரு தட்டும் லேட்டா தீர்றப்பல்லாம் நான் சிரிச்சேன் மேடம்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தண்டபாணியின் அறையில் அவள் கத்தினாள். வெளியே இருந்த எழுத்தர்கள் எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தினாள். ஐம்பத்து நாலு கிலோவையும் அறுநூற்றுத் தொண்ணூற்று எட்டையும் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னாள்.

"கதவு எழுநூறுல நின்னிருக்கு சார். யார் நிறுத்தச் சொன்னது? ஐந்நூறு பாய் பிரிக்காமக் கிடக்கு. யார் சொன்னது?"

தண்டபாணியின் முகம் வெளுத்திருந்தது. திரையில் எதையோ தேடி எடுத்து அவள் பக்கம் திருப்பினார். கருங்கழிப் புகலிடம், கொள்ளளவுத் திருத்தம். பழைய கொள்ளளவு 1200. புதிய கொள்ளளவு 700. அடிப்படை: வேதியியலாளர் சான்று. அதன் கீழே அவளுடைய வரி, சுருக்கப்பட்ட வடிவில்:

"இருப்பில் உள்ள சுண்ணாம்பு எழுநூறு பேருக்குப் போதும்."

"'தான்' போட்டேன் சார்" என்றாள். "எழுநூறு பேருக்குத்தான் போதும்னு எழுதினேன்."

"சுருக்கறப்ப எடுத்துடுச்சு போல. எனக்கே நேத்துதான் தெரியும்மா. பதிவுல ஆயிரத்து இருநூறுன்னே இருக்கு, உங்க திரையில அதைத்தான் காட்டியிருக்கு. கதவுக்கு மட்டும் எழுநூறு போயிருக்கு."

"நான் சுண்ணாம்பு கேட்டேன். ஒரு லாரி. சூளையிலிருந்து கொண்டாந்து வாசல்லயே நிறுத்தினேன்."

"தெரியும்."

"கணக்கு இடிக்குதுன்னா தூளைக் கூட்டணும். ஆளைக் குறைக்கக் கூடாது."

"சிஸ்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "ஒண்ணு கேக்கட்டுமா மங்கை? ஆயிரத்து இருநூறு பேரும் உள்ள போயிருந்தா நாப்பத்து மூணாவது மணி என்ன ஆயிருக்கும்? நீங்கதான் சொன்னீங்க. விசாரணையில கேப்பாங்க. எழுநூறு பேரைக் காப்பாத்தின சான்றுன்னுதான் அவங்க எழுதுவாங்க. உங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வரலாம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை நடந்தது. எடை போட்ட தாளைக் கொடுத்தாள், வாங்கி வைத்துக்கொண்டார்கள். இறந்தவர்கள் "புகலிடத்துக்கு உரிய நேரத்தில் வராதவர்கள்" என்று அறிக்கை சொன்னது. தீர்ந்த சுண்ணாம்பை ஒரே வாரத்தில் அள்ளிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள்.

பதினாறாம் நாள் செபம் முடிந்து லூர்துராஜ் வேலைக்குத் திரும்பினார். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கையெழுத்து, அந்த ஒரு வரி, விழுந்துபோன 'தான்' எதையும் மறைக்கவில்லை.

அவர் கப்பிச் சங்கிலியை இழுத்துக் கட்டினார்.

"நீங்க எழுதாம இருந்திருந்தா?"

"எல்லாரும் உள்ள வந்திருப்பாங்க. ரெண்டாம் நாள் காத்து கெட்டிருக்கும். அப்புறம் தெரியலண்ணே."

"எங்கக்கா உள்ள இருந்திருக்கும்."

"ஆமா."

அவர் தலையாட்டினார். மன்னித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு விசிறிப் பக்கம் போய்விட்டார்.

ஆவணியில் அடுத்த பருவத்துக்கான கொள்முதல் படிவம் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. கருங்கழி வேதியியலாளர் சுட்டிக்காட்டியதன் பேரில் தளத்தின் கணக்குமுறை திருத்தப்பட்டிருக்கிறது, இனி எடைகள் மோல் கணக்குப்படியே வரும், அவருக்கு வாரியத்தின் பாராட்டு. மங்கையர்க்கரசி படிவத்தைத் திறந்தாள். எழுபத்து நாலுக்கு நாற்பத்து நாலு. சரியாக இருந்தது. மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியது கடைசியில் ஏறியிருக்கிறது.

கீழே இறங்கினாள். ஆட்கள்: 700. "சென்ற பருவத்தின் உண்மையான பயன்பாட்டின்படி." அந்தக் கட்டத்தை மாற்ற முடியாது, பூட்டியிருந்தது. தேவைப்படும் சுண்ணாம்பு: 3,532 கிலோ.

தப்பான கணக்குக்கு வந்ததைவிடச் சரியான கணக்குக்கு அறுபத்தெட்டுக் கிலோ குறைவு.

அவள் சிரித்தாள். சத்தம் கேட்டு லூர்துராஜ் வந்து எட்டிப் பார்த்தார். திரையைக் காட்டினாள். அவருக்கு எண்கள் புரிய நேரமானது. புரிந்ததும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"மறுபடியும் கடுதாசி எழுதப் போறீங்களா மேடம்?"

"இல்லண்ணே."

படிவத்தில் பூட்டாத கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வினைச் சமன்பாடு. அதை வேதியியலாளர் நிரப்ப வேண்டும். எத்தனை மோல் சுண்ணாம்புக்கு எத்தனை மோல் வாயு என்பதை அதிலிருந்துதான் தளம் எடுத்துக்கொள்ளும். அவள் சமன்பாட்டை எழுதினாள். பிறகு சுண்ணாம்புக்கு முன்னால் 2 என்று ஒரு எண்ணைச் சேர்த்தாள்.

கூசியது. படித்த காலத்திலிருந்து இன்றுவரை தெரிந்தே ஒரு சமன்பாட்டைத் தப்பாக எழுதியதில்லை. இடப்பக்கம் இரண்டு கால்சியம், வலப்பக்கம் ஒன்று. பரீட்சைத் தாளில் எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து விடுவார். யாராவது பார்த்தால் போதும், ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கீழே எண் மாறியது. தேவைப்படும் சுண்ணாம்பு: 7,064 கிலோ.

அனுப்பினாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு நிமிடத்தில் பச்சை விளக்கு வந்தது. மண்டல அலுவலகம் ஒப்புதல். தலைமையகம் ஒப்புதல்.

"அவ்ளோதானா?" என்றார் லூர்துராஜ்.

"அவ்ளோதான்."

"இது எத்தனை பேருக்கு வரும்?"

"நிஜத்துலயா? ஆயிரத்து நானூறு பேருக்கு."

"கதவுக்கு யாரு கணக்கு சொல்றது?"

"சுண்ணாம்பு வந்து இறங்கின பிறகு, ஆயிரத்து இருநூறு பேருக்கும் போதும்னு நான்தான் சான்று கொடுக்கணும். அது வேற பிரிவுக்குப் போகும். ரெண்டு தாளையும் சேர்த்து வச்சுப் பாக்கிற ஆள் அங்க யாரும் இல்ல."

"அந்தத் தாளுல சரியான கணக்குத்தானே எழுதுவீங்க?"

"அதுல சரியான கணக்குத்தான்."

லூர்துராஜ் எழுந்து, கிடங்கில் இடம் ஒதுக்கப் போனார். மங்கையர்க்கரசி படிவத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். ஒப்புதல் முத்திரைக்குப் பக்கத்தில் அந்த இரண்டு, எல்லாரும் பார்க்கும்படி நின்றது. யாராவது தொலைபேசியில் அழைத்து "என்னம்மா இப்படித் தப்பா எழுதியிருக்கே?" என்று திட்ட மாட்டார்களா என்று மாலைவரை காத்திருந்தாள். அப்படி ஒரு குரல் வந்தால் அழுதுவிடுவாள் என்று தோன்றியது. யாரும் அழைக்கவில்லை.